பம்புசெட்டு விளக்கும் வடை வாசமும்

ஒரே மாதத்தில் ஒரே பழுதைப் பதினொரு முறை சரிசெய்தவன் நான். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தேன். பதினொரு முறை சரிசெய்தேன் என்றால் பத்து முறை சரியாகவில்லை என்று அர்த்தம். கழித்தல் கணக்கு படித்த எவருக்கும் அது தெரியும், எனக்குத் தெரியவில்லை. பதினோராவதும் சரியாகவில்லை என்று தெரிந்தபோது மன்னார்குடியைத் தாண்டி, நடுரோட்டில், உளுந்துச் செடிகளின் மேல் நின்றுகொண்டிருந்தேன். காருக்குள் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அக்காவின் இரண்டு சிறுநீரகங்களும், அவள் சத்துணவு அமைப்பாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அதே வருஷத்தில், தாங்களும் ஓய்வு பெற்றுக்கொண்டன. வாரத்துக்கு இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும், தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். முதலில் பஸ்ஸில்தான் போய்வந்தோம். ஒரு நாள் திரும்பும்போது உட்கார இடமில்லை. ஊசி குத்திய கையால் கம்பியைப் பிடிக்க முடியாமல், அவள் மன்னார்குடி வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்று வந்தாள். அதை நான் அவள் மகனிடம் சொல்லித் தொலைத்தேன். வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறான். ஒரே பிள்ளை. அடுத்த மாதம் எங்கள் வாசலில் ஒரு பழைய கார் நின்றது.

ஓட்டும் பொறுப்பு தாய்மாமனான எனக்கு. நான் ஒரு கல்லூரியில் நூலகர். நூலகம் திறந்திருந்தாலும் பூட்டியிருந்தாலும் கல்லூரிக்கு வித்தியாசம் தெரியாது என்பதால் வாரம் இரண்டு நாள் விடுப்பு சிரமமில்லாமல் கிடைத்தது. எனக்கு மனைவி உண்டு; பள்ளிக்கூட ஆசிரியை. புத்தியுள்ளவர்களுக்கு இந்தக் கதையில் வேலையில்லை என்பதால் அவளை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

பங்குனி பிறந்த வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தஞ்சாவூரிலிருந்து திரும்பும் வழியில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. இன்ஜின் படம் போட்ட விளக்கு. அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"பம்புசெட்டு மாதிரி இருக்குடா. தண்ணி எறைக்கச் சொல்லுதா?" என்றாள்.

தண்ணீர் இறைப்பது நின்றுபோனது அவளுடைய உடம்பில் என்பதால் நான் சிரிக்கவில்லை. அவள்தான் சிரித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பம்புசெட்டு விளக்கு என்று பெயர்.

மெக்கானிக்கிடம் காட்டியிருக்க வேண்டும். கடைத்தெரு முனையிலேயே ஒருவர் இருக்கிறார். ஆனால் அவரிடம் வண்டி போனால் இரண்டு நாளாவது நிற்கும். இரண்டு நாள் நின்றால் நடுவே ஒரு செவ்வாயோ வெள்ளியோ வந்துவிடும். இது நான் மற்றவர்களிடம் சொன்ன காரணம். இன்னொன்றும் இருந்தது. போன முறை போனபோது, பானெட்டைத் திறக்கும் நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று நான் அவரிடமே கேட்டேன். அவர் எடுத்துக்காட்டிவிட்டு, "சார் புஸ்தகம் படிக்கிறவரு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அதில் குற்றம் சொல்ல ஒரு வார்த்தை கிடையாது. அதனால்தான் மறுபடியும் போகவில்லை.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். அக்கா மகனை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவது. பத்து நாளில் ஒரு பொட்டலம் வந்தது. அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் நாகூர்க்காரர் ஒருவர், விடுமுறைக்கு வந்தவர், ஊருக்கு வந்த மறுநாளே பைக்கில் தேடி வந்து கொடுத்தார். பேரீச்சம்பழம் (அக்கா தொடக்கூடாதது), தைலம், தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு துளை இருக்கும், அதில் இதைச் சொருகினால் வண்டிக்கு என்ன நோய் என்று போனில் எழுத்தாக வந்துவிடும் என்று நாகூர்க்காரர் விளக்கினார். அக்கா கவனமாகக் கேட்டுவிட்டு, மனுசனுக்குச் சொருகுகிற மாதிரி அங்கே ஏதும் விற்கிறதா என்று விசாரித்தாள். அவர் கொஞ்சம் திகைத்து, அடுத்த தடவை பார்க்கிறேம்மா என்றார்.

சொருகினேன். போனில் பி-0141 என்று வந்தது.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு உண்டான மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல முடியாது. முப்பது வருஷமாக எண்களை வைத்துப் புத்தகம் தேடுகிறவன். எண் கிடைத்துவிட்டால் பொருள் கிடைத்த மாதிரி. இணையத்தில் படித்தேன்: இரண்டாவது ஆக்சிஜன் சென்சார், சூடேற்றும் சுற்றில் கோளாறு. சைலன்சர் குழாயில், காரின் வயிற்றுக்கு அடியில் இருக்கும். முதலாவது சென்சார் பானெட்டைத் திறந்தால் கைக்கு எட்டும். இரண்டாவதைப் பார்க்க வேண்டுமானால் மண்ணில் படுக்க வேண்டும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, தொப்பை உண்டு. ஆகவே முதலாவதில்தான் பழுது இருக்கும், கருவி எண்ணை மாற்றிச் சொல்கிறது என்று முடிவு செய்தேன். இப்படியும் நேர்வதுண்டு என்று ஒருவர் இணையத்தில் எழுதியிருந்தார். நமக்கு வேண்டியதை எங்கேயாவது ஒருவர் எழுதித்தான் வைத்திருக்கிறார்.

வீடியோ காலில் மாப்பிள்ளை பார்க்க, முதல் சென்சாரின் இணைப்பைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பிறகு போனில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அது பழுதின் பதிவை அழிக்கும் பொத்தான். விளக்கு அணைந்தது. கடலுக்கு அப்பால் மாப்பிள்ளை கைதட்டிச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தன் அம்மாவின் நோயில் அவன் கைக்கு எட்டியது அந்த ஒன்றுதான். எனக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அக்காவின் பரிசோதனைத் தாளில் மாதாமாதம் ஏறும் எண்களுக்கு எந்த மூலையிலும் சிவப்புப் பொத்தான் இல்லை.

நாலாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது. அழித்தேன். மறுபடி எரிந்தது. விளக்கு அணைந்திருக்கும் நாட்களில் வண்டி குணமாகிவிட்டது என்றே நம்பினேன்; வண்டி திரும்பத் தன்னைச் சோதித்துப் பார்க்கச் சில ஓட்டங்கள் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் என்று நானே படித்திருந்தும். நாள் செல்லச் செல்ல அழிக்கிற வேலை அக்காவிடம் போயிற்று. ஓட்டும்போது நான் போனைத் தொடக்கூடாது என்பது அவள் சட்டம். "பம்புசெட்டு எரியுதுடா" என்பாள், மடியில் இருக்கும் போனில் சிவப்பை அழுத்துவாள், "அணைச்சிட்டேன்" என்பாள். சத்துணவுக் கூடத்தில் கேஸ் அடுப்பை அணைத்த அதே குரல்.

நடுவில் இன்னொரு தொந்தரவு ஆரம்பித்தது. காரில் ஏறி ஒரு மணி நேரம் போனதும் அக்காவுக்கு வடை வாசம் வந்தது.

"உளுந்து வறுபடுற வாசம்டா. நல்லா கமகமன்னு வருது."

எனக்கு எதுவும் வரவில்லை. புத்தகத் தூசி என் மூக்கைப் பல வருஷம் முன்பே வேலையிலிருந்து நீக்கிவிட்டது. அக்காவுக்கோ பருப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். வடை அறவே கூடாது. ஆசையாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு படித்தேன். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு வாயின் ருசியும் மூக்கின் வாசனையும் மாறிப்போகும், இல்லாதது இருப்பதாகத் தோன்றும் என்று ஒரு கட்டுரையில் தெளிவாகப் போட்டிருந்தது. அக்காவிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அப்படியா, வியாதில அதுவும் சேத்தியா" என்றாள். அத்தோடு விடவில்லை. டாக்டரிடமும் நானே சொன்னேன். அவர் அக்காவை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவள் கோப்பில் ஒரு வரி எழுதிக்கொண்டார். என் படிப்பு ஒரு மருத்துவக் கோப்பில் ஏறியது அந்த ஒரு முறைதான்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நெல் அறுத்த வயலில் விளைந்த உளுந்தைப் பங்குனியில் பிடுங்கி, செடியோடு தார்ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறிப் போனால் காய் உடைந்து உளுந்து உதிரும். ரோட்டில் போடக்கூடாது என்று உத்தரவு உண்டு. பங்குனியில் அந்த உத்தரவும் கொஞ்சம் ஒதுங்கித்தான் போகும். பாதி ரோட்டில்தான் பரப்பியிருப்பார்கள், மீதிப் பாதியில் வெளியூர் வண்டிகள் விலகிப் போய்விடும். உள்ளூர்க்காரன் விலகிப் போனால் அது மரியாதை இல்லை. எங்கள் அம்மா அடுத்தவர் உளுந்தைக் கம்பால் அடித்தே கை காய்த்துப்போனவள் என்பதால் அக்காவுக்கு இது கொள்கையாகவே இருந்தது. "ஒதுங்காதடா. ஏறிப் போ. கம்போட நிக்கிறவளுக்கு நாலு காய் உடையட்டும்" என்பாள். நானும் ஏறிப் போனேன். சில இடங்களில் செடி கனமாகக் கிடந்தால் வண்டியைப் பின்னால் எடுத்து இரண்டாம் முறையும் ஏற்றினேன். கம்போடு நிற்கும் பெண்கள் கையை ஆட்டுவார்கள். டயாலிசிஸ் போகிற வழியில் அக்காவின் முகம் மலர்ந்த இடங்கள் அவைதான்.

பம்புசெட்டு விளக்கு எரியத் தொடங்கியதும் ரோட்டில் உளுந்து விழுந்ததும் ஒரே வாரம் என்பதை யாராவது எழுதியிருந்தால் படித்திருப்பேன். யாரும் எழுதவில்லை.

சித்திரை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை பந்த். ரோட்டில் எதுவும் ஓடவில்லை. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டோம். மிஷின் எதுவும் காலியில்லை, செவ்வாய் பதினோரு மணிக்குத் தவறாமல் வந்துவிடுங்கள், மூச்சு அதிகமானால் எந்த நேரமானாலும் வாருங்கள் என்றார்கள். அக்கா தண்ணீரை மூடியால் அளந்து குடித்தாள். ஞாயிறு இரவு படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். போகலாம் என்றேன். செவ்வாய்தான் வந்துருச்சே என்றாள். திங்கட்கிழமையும் அதையே சொன்னாள். செவ்வாய் காலையில் அவள் கால் செருப்பில் நுழையவில்லை. என் செருப்பைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள்.

எட்டு மணிக்குக் கிளம்பினோம். நான் உளுந்தை விட்டு ஒதுங்கிப் போனேன். ஒதுங்காதே என்றுகூட அவள் சொல்லவில்லை. பயம் அங்கேதான் எனக்குப் பிடித்தது. கொஞ்ச தூரம் போனதும் தணிந்த குரலில், வாக்கியத்தை இரண்டாக உடைத்துச் சொன்னாள்.

"இன்னைக்கு வடை... கருகுதுடா."

அதெல்லாம் இன்றைக்குச் சரியாகிவிடும், ரத்தம் சுத்தமானால் வாசம் போய்விடும் என்று சமாதானம் சொன்னேன். மன்னார்குடி தாண்டியதும் விளக்கு எரிந்தது. அக்கா அழுத்தினாள். மறுபடி எரிந்தது. இந்த முறை நின்று எரியவில்லை.

"கண்ணடிக்குதுடா," என்றாள்.

விளக்கு நின்று எரிந்தால் ஊர் போய்ச் சேரலாம், விட்டுவிட்டு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். இது கருவியோடு வந்த தாளில் இருந்தது. மாப்பிள்ளை தனியாகவும் சொல்லியிருந்தான். நான் அதைப் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். "அழி" என்றேன் அக்காவிடம். அழித்தாள். வண்டி இரண்டு முறை விக்கியது. ரோடு முழுக்க உளுந்து பரப்பியிருந்த ஓரிடத்தில், ஒதுங்க வழியில்லாமல் அதன்மேல் ஏறி, நடுவில் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை.

அப்போது மணி ஒன்பதரை. அடுத்த நாற்பது நிமிஷம் நான் செய்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இறங்கினேன். கருவியைக் கழற்றிச் சொருகினேன். பழக்கத்தில் முதல் வேலையாகச் சிவப்பை அழுத்தினேன். பிறகு, என்ன கோளாறு என்று கேட்டேன். கோளாறு எதுவும் இல்லை என்று போனில் வந்தது. நாலடி தூரத்தில் செத்துக் கிடக்கும் காருக்குக் கோளாறு எதுவும் இல்லை. மறுபடி கேட்டேன். மறுபடியும் இல்லை. ஒரு மாதமாக அது சொல்ல வந்ததையெல்லாம் வாயைப் பொத்தி அனுப்பியவன், இன்றைக்கு வாயைத் திற என்று கெஞ்சினேன். சிக்னல் சரியில்லையோ என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தேன். ஒரு பஸ் எங்களை ஒட்டிப் போனது. தஞ்சாவூர் பஸ். நான் பானெட்டைத் திறந்தேன். முதல் சென்சாரைத் துடைத்தேன். இன்னொரு பஸ் போனது.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவன் ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் வெயிலில் நின்றிருந்தான். அம்மா எங்கே என்றான். உள்ளே இருக்கிறாள் என்று சொல்லி, போனை அவள் பக்கம் திருப்பாமல் பார்த்துக்கொண்டேன்.

"என்ன கோடு காட்டுது மாமா?"

"ஒன்னும் காட்டலை மாப்ள."

"அழிச்சீங்களா?"

நான் சென்சாரை இன்னொரு முறை துடைத்தேன்.

"சரி விடுங்க மாமா. வாசம் ஏதாவது வருதா? ஒயர் கருகுற மாதிரி?"

"எனக்கு எப்பவும் வராது. உங்க அம்மாவுக்குத்தான் வருது. அது கிட்னியால."

சொல்லி முடித்த பிறகு அந்த வாக்கியம் என் காதிலேயே கொஞ்ச நேரம் நின்றது. மாப்பிள்ளை, என்ன வாசம் மாமா, என்று மெதுவாகக் கேட்டான். அந்த நேரத்தில் மூன்றாவது பஸ் போனது.

ரோட்டோரப் பூவரச மரத்தடியில் தலையில் துண்டு கட்டிய ஒரு பெண், செடி புரட்டும் கவைக்கம்போடு நின்றிருந்தாள். உளுந்து அவளுடையது. நாங்கள் நின்றதிலிருந்து அங்கேதான் நிற்கிறாள், கிட்டே வரவில்லை. கார் கதவு திறந்திருந்தது. அக்கா காலை வெளியே தொங்கவிட்டு, முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியிருந்தாள். கையைத் தூக்கி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். நாற்பது நிமிஷத்தில் நாங்கள் யாரிடமாவது உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டதும் நான் இல்லை.

"இங்க வாம்மா. எனக்கு மூச்சு முட்டுது. இவன்... போனை நோண்டிக்கிட்டு இருக்கான்."

அவள் கம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். வந்ததும் முதலில் என்னைத்தான் கேட்டாள். நீங்க ஆபீசர் இல்லையா சார்? போன வாரம் ஒருத்தர் வந்து போட்டோ எடுத்துக்கிட்டு, ரோட்டுல போட்டா கேஸுன்னு மிரட்டிட்டுப் போனாரு, நீங்களும் போனைத் தூக்கிக்கிட்டுச் சுத்திச் சுத்தி வந்தீங்களா, அதான் வரலை. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் மூக்கு சுளித்தது. சட்டென்று குனிந்து காருக்கு அடியில் பார்த்தாள்.

"அக்காவ எறக்குங்க சார் மொதல்ல. அடியில பொகையுது."

அக்காவைத் தூக்குகிற மாதிரி நடத்திக்கொண்டுபோய் மரத்தடியில் சாக்கின் மேல் உட்காரவைத்தோம். அந்தப் பெண் குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து காருக்கு அடியில் வீசினாள். புஸ்ஸென்று ஆவி வந்தது. பிறகு கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு, யோசனையே இல்லாமல், ரோட்டில் மல்லாந்து படுத்து உள்ளே நுழைந்தாள். ஒரு மாதமாக நான் படுக்க யோசித்த இடம். அறுத்து அறுத்து இழுத்துப் போட்டாள். உளுந்துச் செடி. கயிறாக முறுக்கிக்கொண்டு, சைலன்சர் குழாயைச் சுற்றி, என் தொடை கனத்துக்கு. வெளிப்பக்கம் பச்சையும் காய்ந்ததுமாக, உள்ளே போகப் போகக் கறுப்பு. நடுவில் இரண்டு ஒயர்கள், அறுந்து, உருகி, செடியோடு ஒட்டியிருந்தன. அவள் உதறியபோது வறுத்த உளுந்து பொலபொலவென்று தார்ரோட்டில் கொட்டியது.

அந்த வாசனையில் பாதி எனக்குக்கூட வந்தது.

"எத்தனை நாளாவோ வழி நெடுக எங்க உளுந்தெல்லாம் கட்டி இழுத்துட்டுப் போயிருக்கீங்க," என்றாள், எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டே. கோபமாகச் சொல்லவில்லை. அக்கா மரத்தடியிலிருந்து அந்த உளுந்தையும் என்னையும் பார்த்தாள். பேச மூச்சில்லை. இருந்திருந்தால் என் கணக்கை அன்றைக்கே தீர்த்திருப்பாள்.

பஸ்ஸைக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை. வெறும் கையோடு நின்றிருந்தேன். அந்தப் பெண்தான் கவைக்கம்பை எடுத்துக்கொண்டு ரோட்டின் நடுவில் போய் நின்றாள். நாலாவது பஸ் நின்றது. டிரைவர் தலையை நீட்டித் திட்ட வாயெடுத்து, அக்காவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் எழுந்தார்கள். காரைப் பற்றி நான் எதுவோ சொல்ல வாயெடுத்தேன். சாவியைக் கொடுத்துட்டு ஏறுங்க சார், உளுந்து கெடக்குற வரைக்கும் நான் இங்கதான் கெடப்பேன் என்றாள். பெயர்கூடக் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிட்டு ஏறினேன்.

அந்தப் பயணத்தைப் பற்றி நகைச்சுவையாக எழுத முயன்று பார்த்தேன். வரவில்லை. அக்கா முன்கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சும் எங்கோ தூரத்திலிருந்து வரவழைக்கிற மாதிரி வந்தது. நான் ஒவ்வொன்றையும் எண்ணினேன். எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. வழியில் ரோடு முழுக்க உளுந்து பரப்பியிருந்தது. பஸ் எதற்கும் ஒதுங்கவில்லை. காய்கள் உடைகிற சத்தம் சக்கரத்துக்கு அடியில் கேட்டுக்கொண்டே வந்தது. மாப்பிள்ளை திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். எடுக்கத் தைரியம் வரவில்லை. இவள் இந்தச் சீட்டிலேயே போய்விட்டால் அவனிடம் என்ன சொல்வது என்பதை மட்டும் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். எந்த வாக்கியத்தை எடுத்தாலும் அதில் மூன்று பஸ்கள் போயின.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது பதினொன்றரை. அக்காவின் மிஷினில் வேறொருவர் படுத்திருந்தார். டெக்னீஷியன் பெண் அக்காவின் காலில் கிடந்த என் செருப்பைப் பார்த்தாள். ஆக்சிஜன் வைத்து, டாக்டரை அழைத்து, ஓர் ஊசி போட்டு, ஒரு மணிக்கு ஒரு மிஷினைக் காலி செய்துவிட்டார்கள். அந்த ஒன்றரை மணி நேரம் நான் வராந்தாவில் நின்றேன். உட்கார நாற்காலிகள் இருந்தன. உட்காரத் தகுதியில்லாத மாதிரி இருந்தது.

ரத்தம் குழாயில் ஓட ஆரம்பித்த பிறகு மாப்பிள்ளையை நானே கூப்பிட்டேன். முழுவதையும் சொன்னேன்: அழித்தது, மூன்று பஸ், வடை வாசம் எல்லாம். அவன் பக்கத்தில் ஏதோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு வந்தான்.

"வண்டியை விடுங்க மாமா," என்றான். "அம்மா மிஷின்ல என்ன காட்டுது? படிங்க."

மிஷின் திரையில் இருந்த எண்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் படித்தேன். அவனுக்கும் ஒன்றும் புரிந்திருக்காது, எனக்கும் புரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் சரி மாமா, சரி மாமா என்றான். முடிந்ததும், இன்னொரு தடவை படிங்க என்றான். படித்தேன். நாலு மணி வாக்கில் அக்கா கண்ணைத் திறந்து, செருப்பு பத்திரமா இருக்கா என்று கேட்டாள்.

மறுநாள் கடைத்தெரு மெக்கானிக்கைப் பைக்கில் அழைத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் சொன்னபடி அங்கேதான் இருந்தாள். காரின் நிழலில் சோற்றுத் தூக்கை வைத்திருந்தாள். மெக்கானிக் குனிந்தார். ஒயர் இரண்டும் சூட்டில் ஒட்டிக்கொண்டு ஃபியூஸ் போயிருக்கிறது, இன்ஜினுக்குப் போகிற மின்சாரமும் அதே ஃபியூஸ் வழியாகத்தான் என்றார். ஒயரை ஒட்டுப் போட்டு, ஃபியூஸை மாற்றி, சாவியைத் திருப்பினார். வண்டி பிடித்துக்கொண்டது. டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. எத்தனை நாளாக விளக்கு எரிந்தது என்று கேட்டார். அப்பப்ப எரியும், என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. புத்தகம் படிக்கிறவர்களிடம் அவருக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

வெள்ளிக்கிழமை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். உளுந்து கிடந்த இடத்திலெல்லாம் நான் ஒதுங்கிப் போனேன். அக்கா தடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கம்போடு நின்ற பெண்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையை மட்டும் ஆட்டினாள். டயாலிசிஸ் நடக்கும்போது டாக்டர் வந்தார். கோப்பைப் புரட்டிக்கொண்டு வந்தவர், அந்த ஒரு வரியில் நின்றார்.

"வடை வாசம் வருதுன்னு சொன்னீங்களேம்மா, இப்பவும் வருதா?"

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இல்லைங்க டாக்டர். அது காருக்கு இருந்த வியாதி. இவன்தான் படிச்சுப் பார்த்து, என் பேர்ல எழுதிக் குடுத்துட்டான்."